சிவாஷ் சேற்றின் மேல் ஒரு குரல்

‘கண்ணாடி’ படத்தின் நடுவில் பழைய போர்ச் செய்திப்படம் ஒன்று வரும். 1943 நவம்பரில் செஞ்சேனை வீரர்கள் கிரிமியாவை ஒட்டிய சிவாஷ் உப்பங்கழியைக் கடக்கிறார்கள். எங்கு பார்த்தாலும் சேறும் ஆழமில்லாத நீரும்தான். பாரத்தை இழுத்துக்கொண்டு, தள்ளிக்கொண்டு, நடந்துகொண்டே இருக்கிறார்கள். இதைப் படம்பிடித்தவர் அன்றைக்கே கொல்லப்பட்டார் என்று இயக்குநர் ஆந்திரேய் தார்க்கோவ்ஸ்கி பின்னாளில் எழுதினார். அந்தச் சேற்றின் மேல் வயதான ஒருவரின் குரல் கவிதை வாசிக்கிறது. ‘வாழ்வு, வாழ்வு’ என்ற அந்தக் கவிதை சாவு என்பதையே மறுக்கிறது. எழுதியவரும் வாசிப்பவரும் இயக்குநரின் தந்தை, அர்சேனி தார்க்கோவ்ஸ்கி.

ஃபிலிம் சொசைட்டித் திரையிடல் ஒன்றில் முதன்முதலாக இதைக் கேட்டபோது எனக்கு ரஷ்ய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. கீழே ஓடிய வரிகளை விட்டுவிட்டுக் குரலின் பின்னாலேயே போனேன். உருக வேண்டிய இடத்தில் அது தழுதழுக்கவில்லை. பெரிய வார்த்தை வரும்போது உயரவும் இல்லை. பழைய கடிதம் ஒன்றை வீட்டுப் பெரியவர் எடுத்துப் படித்துக் காட்டுவதுபோல் இருந்தது. பிறகுதான் விவரம் தெரிந்தது: திரையில் அந்த வீரர்கள் நடந்ததற்கு அடுத்த மாதம், வேறொரு போர்முனையில், படைப் பத்திரிகை நிருபராக இருந்த அர்சேனியின் காலில் குண்டு பாய்ந்தது. புண் அழுகி, பலமுறை அறுவை செய்து, காலை எடுத்துவிட்டார்கள். சாவு இல்லை என்று அந்த மனிதர் சொல்லும்போது என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

1907இல் இன்றைய உக்ரைனில் உள்ள எலிசவெத்கிராத் ஊரில் பிறந்தவர். 1946இல் முதல் தொகுப்பு அச்சுக்கோத்துத் தயாராக இருந்தது. அந்த ஆகஸ்டில் கவிஞர் அக்மதோவாவையும் எழுத்தாளர் சோஷென்கோவையும் தாக்கிக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு தீர்மானம் போட்டது. அந்தக் காற்றில் இவர் புத்தகமும் நின்றுபோனது. ‘பனி விழுமுன்’ என்ற முதல் நூல் வெளிவந்தது 1962இல், அவருக்கு ஐம்பத்தைந்து வயதானபோது. அதே ஆண்டில் மகனின் ‘இவானின் குழந்தைப் பருவம்’ வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் வாங்கியது. யெவ்துஷென்கோ போன்ற இளங்கவிஞர்கள் பெருங்கூட்டங்களில் முழங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அவர்களையும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அர்சேனியின் கவிதை ஓர் அறைக்குள், ஒருவருக்குச் சொல்வது.

‘முதல் சந்திப்புகள்’ கவிதையைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்பேன். ஐந்து சீர் ஓடும் மரபான யாப்பு. அடிகளின் இறுதியில் இயைபு. ஆனால் வாக்கியம் அடியோடு நிற்பதில்லை, அடுத்த அடிக்குள் பாய்கிறது. காதலி படிகளைத் தாண்டித் தாண்டி இறங்கும் இடத்தில் வாக்கியமும் அப்படியே இறங்குகிறது. முகம் கழுவும் கிண்ணி, நீர்க்குடுவை என்று புழங்கு பொருள்கள் வருகின்றன. அவற்றுக்கு அவர் எந்த அலங்காரமும் பூட்டுவதில்லை. காதல் பட்டதும் அவையே ஒளிர்கின்றன. பேரின்பமெல்லாம் சொல்லி முடிந்தபின் கடைசி இரண்டு அடிகளில் விதி உள்ளே நுழைகிறது. அங்கேயும் அந்தக் குரல் மாறுவதில்லை. முதுகு சில்லிட்டுப்போகும்.

‘கண்ணாடி’யில் மகன் இந்தக் கவிதையை வைத்த இடத்தைப் பாருங்கள். கணவன் விட்டுப்போன வீட்டில், பிள்ளைகளோடு தனித்திருக்கும் தாயின் முகம். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அவள்மேல் தந்தையின் காதல் கவிதை ஒலிக்கிறது. கவிதையோ, அவர் இளமையில் நேசித்த வேறொருத்தியை நினைத்து எழுதியது என்பார்கள். குடும்பத்தை விட்டுப் போன தகப்பனின் குரலைத் தாயின் தனிமைக்கு அருகே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறான் மகன். குற்றம் சாட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. இதற்கு நிகரான காட்சியை வேறெந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

சொந்தக் கவிதை அச்சேறாத காலமெல்லாம் அர்சேனிக்குச் சோறு போட்டது மொழிபெயர்ப்பு. துருக்மேனியக் கவி மக்தூம்குலி, ஜார்ஜியாவின் வாஷா-ப்ஷவேலா, அரபுக் கவி அல்-மஆரி எல்லாம் அவர் கையால் ரஷ்ய மொழிக்கு வந்தார்கள். அவற்றில் கரைந்துபோன தன் நல்ல வயதை நினைத்துக் கசந்து ஒரு கவிதையே எழுதியிருக்கிறார்.

மகன் இத்தாலியில் எடுத்த ‘நொஸ்தால்ஜியா’ 1983இல் வெளிவந்தது. அதில் வரும் ரஷ்யக் கவிஞன், கூட வந்த பெண்ணின் கையில் இருக்கும் புத்தகம் என்னவென்று கேட்கிறான். அர்சேனி தார்க்கோவ்ஸ்கியின் கவிதைகள், இத்தாலிய மொழிபெயர்ப்பு. தூக்கிப் போடு என்கிறான். கவிதையை மொழிபெயர்க்க முடியாதாம். பின்னால் ஒரு காட்சியில், வெள்ளம் நிறைந்த பாழடைந்த தேவாலயத்தில் அவன் கிடக்கிறான். கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் அந்தப் புத்தகம் எரிகிறது. அப்போது அதை எழுதியவர் மாஸ்கோவில் இருந்தார். மகன் பிறகு நாடு திரும்பவே இல்லை.