கிரிட்சுகு போட்ட கப்பல் கணக்கு

ஃபேட்/ஜீரோ அனிமேவை மறுபடி பார்த்து முடித்தேன். முதல் தடவை பார்த்தபோது 24-வது எபிசோடில் வரும் கப்பல் புதிர் என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது. இந்தத் தடவை அதில் ஒரு போங்காட்டம் இருப்பது தெரிந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. கதை முழுக்க வெளியே வரும், பார்க்காதவங்க இங்கேயே இறங்கிக்கலாம்.

கென் உரோபுச்சி எழுதிய நாவல். யூஃபோடேபிள் ஸ்டூடியோ 2011-12-ல் அனிமேவாக எடுத்தது. ஹோலி கிரெயில் என்ற வரம் தரும் கிண்ணத்துக்காக ஏழு பேர் அடித்துக்கொள்கிறார்கள். அதில் ஒருவன் எமியா கிரிட்சுகு. கேட்கப்போகும் வரம் உலக அமைதி, செய்யும் தொழில் கொலை. நிறைய பேர் பிழைக்க வேண்டுமென்றால் கொஞ்சம் பேரைக் கொல்வான். அவ்வளவுதான் கொள்கை.

கடைசியில் கிரெயில் அவன் மனைவி ஐரிஸ்வீல் உருவத்தில் வந்து ஒரு புதிர் போடுகிறது. ஒரு கப்பலில் 300 பேர், இன்னொன்றில் 200 பேர். இரண்டிலும் ஓட்டை. அடைக்கத் தெரிந்தவன் கிரிட்சுகு மட்டும்தான். அந்த 200 பேர் அவனைப் பிடித்து வைத்துக்கொண்டு 'எங்க கப்பலை முதல்ல பாரு' என்று மிரட்டுகிறார்கள். அவர்களைக் கொன்றுவிட்டு 300 பேரைக் காப்பாற்றுகிறான். அந்த 300 பேர் 200, 100 என்று பிரிந்து இரண்டு கப்பலில் போகிறார்கள். மறுபடி ஓட்டை, மறுபடி மிரட்டல், மறுபடி கொலை. இப்போ கூட்டிப் பாருங்க. செத்தது 300, பிழைத்தது 200. ஒவ்வொரு படியிலும் சரியாக இருந்த கணக்கு மொத்தத்தில் உதைக்கிறது.

பெரும்பாலும் எல்லாரும் இந்தக் கூட்டலைத்தான் பேசுவார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. ஓட்டை போட்டுக்கொண்டே இருக்க ஒரு பேய் இருந்தால் எந்தக் கொள்கையும் தோற்கும். கவனிக்க வேண்டியது வேறு இடம். புதிர் ஆரம்பிக்கும்போது கேள்வி 'யாரை முதலில் காப்பாற்றுவது?' இரண்டு வரி தாண்டுவதற்குள் அது 'யாரைச் சுடுவது?' என்று மாறிவிடுகிறது. 1967-ல் ஃபிலிப்பா ஃபுட் ட்ராலி உதாரணத்தைக் கொண்டுவந்ததே இந்த வித்தியாசத்தைப் பிடிக்கத்தான்: உதவாமல் விடுவதும் கையால் கொல்வதும் ஒன்றா? கிரெயில் அந்தக் கோட்டைச் சத்தமில்லாமல் தாண்டுகிறது. கிரிட்சுகுவுக்கு அது உறைக்கவே இல்லை. கூட்டலை மட்டும்தான் எதிர்க்கிறான்.

ஏன் உறைக்கவில்லை என்பதற்கான பதில் 18-வது எபிசோடில் இருக்கிறது. தீவில் வளரும் சிறுவன் அவன். மனித உருவம் இழந்துகொண்டிருக்கும் ஷர்லி 'என்னைக் கொன்னுடு' என்று கெஞ்சுகிறாள். அவனால் முடியவில்லை, ஓடிவிடுகிறான். அன்று இரவே ஊர் முழுக்கப் போகிறது. ஒருத்தியைக் கொல்லாமல் விட்டதே ஊரைக் கொன்றது போல ஆனது. அந்த ராத்திரிக்குப் பிறகு அவனுக்கு 'கொல்லாமல் இருப்பது' என்ற ஒன்றே கிடையாது. எதுவும் செய்யாமல் நின்றாலும் யாரோ சாவார்கள் என்றால் துப்பாக்கியை எடுத்துவிடுவதே மேல்.

அடுத்த எபிசோடில் அவனை வளர்த்த நடாலியா இருக்கும் விமானம். பயணிகள் எல்லாரும் ஏற்கெனவே பிணம் தின்னிகளாகிவிட்டார்கள். தரையிறங்கினால் நியூயார்க்குக்கு ஆபத்து. ரேடியோவில் அவளோடு பாசமாகப் பேசிக்கொண்டே ஏவுகணையை விடுகிறான். கப்பல் புதிரைவிட இந்தக் காட்சி நேர்மையானது என்பேன். இங்கே பலியாகிறவளுக்குக் குரல் இருக்கிறது, 200 என்ற எண் இல்லை.

ஆனால் கெய்னெத் விஷயத்தில் என்னால் அவனை மன்னிக்க முடியவில்லை. தோற்று, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். 'நான் உன்னைக் கொல்ல மாட்டேன்' என்று மந்திர ஒப்பந்தம் போட்டுவிட்டு, உதவியாளர் மாயாவை வைத்துச் சுட வைக்கிறான். கூடவே அவன் காதலி சோலாவும் போகிறாள். கெய்னெத் மறுபடி போருக்கு வரலாம் என்ற வெறும் சந்தேகமே போதுமாக இருந்தது. கொஞ்சம் பேர், நிறைய பேர் என்ற தராசில் 'ஒருவேளை' என்பதும் ஒரு எடைக்கல் ஆகிவிட்டால் எவனும் தப்ப முடியாது.

கடைசியில் கிரெயிலை உடைக்கச் சொல்கிறான். அதிலிருந்து வழிந்த சேற்றில் ஃபுயுகி நகரம் பற்றி எரிகிறது. இடிபாடுகளுக்குள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று வெறும் கையால் தோண்டித் தேடுகிறான். ஒரே ஒரு பையன் கிடைக்கிறான். எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கு அந்த நேரம் அவனிடம் இல்லை. பையன் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறான், அதிலும் ஒரு சந்தோஷம். அந்தப் பையன் ஷிரோ பிற்பாடு ஆசைப்படுவது அந்த முகத்துக்குத்தான்.