இலவச கேம் மென்பொருள்: குருசுக்குப்பம் பெயர்ப்பலகையில் ஒரு சோதனை

வரைந்த உருவத்தை எந்திரத்துக்குப் புரியும் ஜி-கோடு வரிகளாக மாற்றித் தருவது கேம் (CAM) மென்பொருள். எந்த பிட் (வெட்டும் முனை), எவ்வளவு ஆழம், என்ன ஃபீட் (வெட்டும் வேகம்), எந்த வழி என்பதையெல்லாம் அதுதான் எழுதிக் கொடுக்கிறது. பெரிய தொழிற்சாலைகள் இதற்கு லட்சக்கணக்கில் செலவிடுகின்றன. ஒரே ஒரு சிறிய ரூட்டரை வைத்துக்கொண்டு மரப்பலகை செதுக்குபவர் இலவசமாக என்ன கிடைக்கும் என்றுதான் முதலில் பார்ப்பார். அப்படிப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுபவை இரண்டு: ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஃப்யூஷன் தனிநபர் பதிப்பு, கட்டற்ற மென்பொருளான ஃப்ரீகேட். இரண்டும் இலவசம்தான், ஆனால் இலவசம் என்பதற்கு இரண்டிலும் பொருள் வேறு.

புதுச்சேரியில் இவற்றைச் சோதிக்க ஏற்ற வேலை பெயர்ப்பலகை. நகரின் பழைய பிரெஞ்சுப் பகுதியில் நீலப் பலகையில் வெள்ளை எழுத்தாக, பிரெஞ்சிலும் தமிழிலும் வீதிப் பெயர்கள் இருக்கும். அதே பாணியில் 400 மி.மீ. நீளத் தேக்குப் பலகை ஒன்றில், நகரின் வடபுறக் கடலோரத்தில் இருக்கும் மீனவர் பகுதியான குருசுக்குப்பத்தின் பெயரை வீ வடிவ முனை கொண்ட வீ-பிட்டால் செதுக்குவது என்று வைத்துக்கொள்ளலாம். பார்க்க எளிய வேலை. மென்பொருளின் உள்ளும் புறமும் இதில் தெரிந்துவிடும்.

முதலில் ஃப்யூஷன். ஆட்டோடெஸ்க் 2012இல் ஹெச்.எஸ்.எம்.வொர்க்ஸ் நிறுவனத்தை வாங்கியது. அந்தத் தரமான கேம் பகுதி ஃப்யூஷனுக்குள் வந்தபோது, உலகெங்கும் வீட்டுப் பட்டறைக்காரர்கள் அதில் வந்து குவிந்தார்கள். பாதையைத் தேர்ந்தெடுக்கும் விதம், செதுக்கலைத் திரையில் ஓட்டிக் காட்டும் விதம் இரண்டிலும் இலவச மென்பொருள் எதுவும் இன்னும் அதற்கு ஈடாகவில்லை. பெயர்ப்பலகையின் எழுத்து வெளிக்கோடுகள் கையில் இருந்தால், ‘என்கிரேவ்’ கட்டளை சில கிளிக்குகளில் வேலையை முடித்துவிடும்.

சிக்கல் 2020 செப்டம்பரில் தொடங்கியது. தனிநபர் பதிப்பிலிருந்து ரேபிட் நகர்வு, தானியங்கி டூல் மாற்றம், மூன்றுக்கு மேற்பட்ட அச்சுகளில் வெட்டும் வசதி, புரோபிங் ஆகியவை நீக்கப்படும் என்று நிறுவனம் அறிவித்தது. ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய கோப்புகள் பத்து மட்டும் என்றும் வரம்பு வந்தது. ஸ்டெப் கோப்பாக வெளியே எடுக்கும் வசதியும் போவதாக இருந்தது. பயனர்கள் கொதித்தெழுந்த பிறகு அதை மட்டும் விட்டுவைத்தார்கள். மற்றவை போயின.

இவற்றில் பட்டறைக்காரரை நேரடியாகத் தொடுவது ரேபிட். வெட்டாமல் காற்றில் நகரும்போது எந்திரம் முழு வேகத்தில் ஓட வேண்டும். அதற்கான கட்டளை ஜி0. தனிநபர் பதிப்பு அந்த இடத்தில் ஜி1 எழுதி, வெட்டும் வேகத்திலேயே பிட்டை நகர்த்துகிறது. வெளிவரும் ஜி-கோட்டின் தலைப்பிலேயே இதைச் சொல்லும் குறிப்பும் இருக்கும்: நேரம் கூடும், முழு வேகம் வேண்டுமானால் சந்தா கட்டுங்கள் என்று.

நேரம் எவ்வளவு கூடும்? பெயர்ப்பலகையில் எழுத்துத் துண்டுகளுக்கு இடையே பிட் தூக்கி நகரும் தூரம் மொத்தம் 4,500 மி.மீ. என்று கொள்வோம். ரேபிட் நிமிடத்துக்கு 3,000 மி.மீ. என்றால் ஒன்றரை நிமிடம். வெட்டும் வேகமான 600 மி.மீ.யில் ஏழரை நிமிடம். இது பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். அதே ரூட்டரில் 600 துளைகள் கொண்ட ஜாலிப் பலகை போட்டால் கணக்கு மாறுகிறது. ஒரு துளைக்கு 30 மி.மீ. காற்று நகர்வு என்றால் 18,000 மி.மீ.; ஆறு நிமிடம் அரை மணி நேரமாகிறது. நிமிடத்துக்கு 30 மீட்டர் ரேபிட் உள்ள வி.எம்.சி. என்ற தொழிற்சாலை எந்திரத்தில் அந்தத் தூரம் 36 விநாடி வேலை. எந்திரம் பெரிதாகப் பெரிதாக, இலவசத்துக்குக் கொடுக்கும் விலையும் ஏறுகிறது.

பயனர்கள் சும்மா இருக்கவில்லை. எம்.எஸ்.-டாஸுக்கு அடிப்படையான 86-டாஸை எழுதிய டிம் பேட்டர்சன், எல்லா செட்டப்புகளையும் ஒரே தடவையில் ஜி-கோடாக்கி, ரேபிட்டையும் திரும்பக் கொண்டுவரும் இணைப்பு நிரலை எழுதி இலவசமாக வெளியிட்டார். இத்தகைய நிரல்கள் எந்த ஜி1 உண்மையில் காற்று நகர்வு என்று ஊகித்துத்தான் மாற்றுகின்றன. ஊகம் தப்பினால் பிட் முழு வேகத்தில் கிளாம்ப் மீது போய் முட்டும். முதல் ஓட்டத்தை மரத்துக்கு மேலே, காற்றில் நடத்திப் பார்ப்பது நல்லது.

டூல் மாற்றத் தடைக்கு வழி, ஒவ்வொரு பிட்டுக்கும் தனிக் கோப்பு எடுப்பது. சிறிய ரூட்டரில் பிட்டை எப்படியும் கையால்தான் மாற்றுகிறார்கள் என்பதால் அங்கே இது பெரிய இழப்பல்ல. உரிமத்தில் இருக்கும் நிபந்தனைதான் கனமானது. தனிநபர் பதிப்பு வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல. ஆண்டு வருமானம் 1,000 டாலருக்குள் இருக்க வேண்டும். பெயர்ப்பலகை செதுக்கி விற்றுப் பிழைப்பவருக்கு ஃப்யூஷன் இலவசமே இல்லை என்பதுதான் நேர்மையான பதில். லினக்ஸில் அது ஓடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஃப்ரீகேட்டில் இந்த நிபந்தனை எதுவும் இல்லை. விற்பனைக்கும் பயன்படுத்தலாம், லினக்ஸிலும் ஓடும், ஜி0 எப்போதும் ஜி0தான். ‘பாத்’ என்று இருந்த அதன் பகுதிக்கு, 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் ‘கேம்’ என்று பெயர் மாற்றினார்கள்; செதுக்கலை ஓட்டிக் காட்டும் பகுதியும் புதிதாக வந்தது. முந்தைய பதிப்புகளில் வரைபடத்தில் ஒரு கோட்டைத் திருத்தினால் மாதிரியின் முகங்களுக்குப் பெயர் மாறி, அதை நம்பியிருந்த டூல்பாத்கள் உடைந்துபோகும். பழைய பயனர்களிடமிருந்து அதிகம் கேட்ட புலம்பல் இது. 1.0இல் இந்தக் கோளாறு வெகுவாகக் குறைந்திருக்கிறது.

பெயர்ப்பலகையில் ஃப்ரீகேட் தடுமாறும் இடம் தமிழ். எழுத்தை உருவமாக்கும் அதன் ‘ஷேப்ஸ்ட்ரிங்’ கருவி, யூனிகோட் குறிகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்குகிறது. சேர்த்து எழுதத் தெரியாது. ‘குருசுக்குப்பம்’ என்ற பெயரே இதற்குக் கடுமையான தேர்வு. எட்டு எழுத்தில் நான்கு உகரம், மூன்று மெய். ‘கு’ என்ற ஒரே உருவம் வரவேண்டிய இடத்தில் ‘க’ தனியாக, உகரக் குறி தனியாக நிற்கும். எந்தச் சேதமும் இல்லாமல் தப்பிப்பது ‘ப’ ஒன்றுதான். கீழே ‘தெரு’ என்று சேர்த்தால் ‘த’வுக்கு முன்னால் வரவேண்டிய கொம்பு பின்னால் போய் உட்காரும்.

இதற்குச் சுற்றுவழி உண்டு. இங்க்ஸ்கேப்பில் தமிழ் சரியாகத் தெரியும். அங்கே பெயரைத் தட்டச்சு செய்து, வெளிக்கோடாக மாற்றி, எஸ்.வி.ஜி. கோப்பாக ஃப்ரீகேட்டுக்குக் கொண்டுவரலாம். கொண்டுவந்ததும் அகலத்தை அளந்து பார்ப்பது அவசியம். இங்க்ஸ்கேப் 0.92 பதிப்பிலிருந்து அங்குலத்துக்கு 90 புள்ளி என்ற கணக்கு 96 ஆகிவிட்டது. பழைய கோப்பைப் புதிய கணக்கில் படித்தால் 400 மி.மீ. பலகை 375 ஆகச் சுருங்கிவிடும். தேக்கு விற்கிற விலையில் இதைச் செதுக்கிய பிறகு கண்டுபிடிப்பது கசப்பானது. பிறகு கோடுகளை முகங்களாக்கி ‘வீ-கார்வ்’ கொடுத்தால் பாதை வரும். தமிழ் எழுத்தின் சுழிகளைக் கணக்கிட அது சற்று நேரம் எடுத்துக்கொள்ளும்.

பெயர்ப்பலகை மட்டுமே தொழில் என்றால் எஃப்-என்கிரேவ் என்ற சின்ன இலவச மென்பொருளே போதும். கருப்பு-வெள்ளைப் படத்தையே அது வீ-பிட் பாதையாக்கிவிடும் என்பதால் தமிழ் எழுத்து உடையும் பேச்சே இல்லை. முகப்புத் தோற்றம் பழசு. அழகாக இருக்க வேண்டியது பலகைதான். நிறுவவே வேண்டாம் என்பவர் உலாவியில் ஓடும் கிரி:மோட்டோவைப் பார்க்கலாம். சாமி படம், பூக்கொத்து போன்ற புடைப்பு வேலைகளுக்கு இவை அவ்வளவு ஏற்றவை அல்ல. அதற்குப் பெயர் பெற்ற ஆர்ட்கேமை ஆட்டோடெஸ்க் 2018இல் நிறுத்திவிட்டது. இலவசமாக வேண்டுமானால் முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில் இணைக்கும், பிளெண்டர்கேம் என்ற பெயரில் அறிமுகமான நிரல் இருக்கிறது. பழக நாள் பிடிக்கும்.

ஃப்ரீகேட் முரண்டு பிடிக்கும்போது பயனர் முணுமுணுத்துவிட்டுச் சுற்றுவழி தேடுகிறார். ஃப்யூஷன் மீதான கோபம் அப்படி ஆறவில்லை. ஃப்ரீகேட்டில் இல்லாதது என்றுமே இருந்ததில்லை. ஃப்யூஷனில் போனது, கையில் இருந்து பழகியது. விற்பனைக்குப் பலகை செதுக்கும் குருசுக்குப்பத்துப் பட்டறைக்கு இங்க்ஸ்கேப்பும் எஃப்-என்கிரேவும் முதல் தேர்வு. துளையும் பள்ளமும் கொண்ட வேலை வரும்போது ஃப்ரீகேட். பொழுதுபோக்காகச் செய்பவர், பத்துக் கோப்பு போதும் என்பவர், ஃப்யூஷனிலேயே இருக்கலாம்.