அரை மில்லிமீட்டருக்குள் ஒரு மலைச்சரிவு

கண்ணுக்கெட்டிய தூரம் மலையே இல்லாத கொல்கத்தாவிலிருந்துதான் இன்று டார்ஜிலிங், காலிம்போங், நீலகிரி மாவட்டங்களுக்கு நிலச்சரிவு முன்னறிவிப்பு போகிறது. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2024 ஜூலையில் அதற்கான தேசிய மையத்தை அங்கே தொடங்கியது. இலங்கையில் இதே பொறுப்பு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துடையது. சரிவு எவ்வளவு செங்குத்து என்பது தெரியாமல் இரு நிறுவனங்களுமே எதையும் கணிக்க முடியாது. அதை அறிவதில், செயற்கைக்கோள் வந்த பிறகும் பழைய நில அளவை வரைபடத் தாள்களுக்கு மதிப்பு குறையவில்லை. அடர்ந்த காட்டில் செயற்கைக்கோள் பல சமயம் மர உச்சியைத்தான் அளக்கிறது.

தாளைக் கணினித் தரையுருவாக, அதாவது நிலத்தின் முப்பரிமாண மாதிரியாக, மாற்றும் வேலை இரு நாட்டிலும் ஒன்றுதான். ஸ்கேன் செய்த தாளைக் கட்டக்கோடுகள் வெட்டும் புள்ளிகளில் பிடித்துப் பொருத்துவார்கள். பிறகு பழுப்புநிறச் சமவுயரக் கோடுகளை ஒவ்வொன்றாக வரைந்து உயரத்தைப் பதிவார்கள். உயர எண் அச்சான இடத்தில் கோடு அறுந்து நிற்கும். அதைக் கையால்தான் இணைக்க வேண்டும். அடுத்து, மென்பொருள் புள்ளிகளை முக்கோணங்களாகப் பின்னும். ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளும் ஒரே சமவுயரக் கோட்டில் விழுந்தால் சிகரம் மேசைபோல் தட்டையாகிவிடும். உச்சிப்புள்ளி உயரங்களையும் ஓடைகளையும் சேர்த்துக் கொடுத்தால்தான் மலை மலையாக எழும்.

பொருத்தும் கட்டத்தில்தான் வழிகள் பிரிகின்றன. இரு நாட்டுப் பழைய தாள்களும் ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் கணித்த புவி வடிவத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஆனால் இரு நாடுகளும் கையாளும் திருத்தங்களில் புவியின் ஆரம் இருபது மீட்டருக்கு மேல் வேறுபடுகிறது. மென்பொருளில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தேர்ந்தால் மலை இடம் மாறிவிடும். இலங்கை முழுவதற்கும் பீதுருதலாகல மலையை மையமாகக் கொண்ட ஒரே கட்டவலை போதும். 1:50,000 அளவில் 92 தாள்களில் நாடே அடங்கிவிடுகிறது. ஆனால் அதற்கு முந்தைய, மைலுக்கு ஓரங்குலம் என்ற அளவிலான தாள்களில் உயரம் அடியில் இருக்கும். இந்தியாவின் பரப்புக்கு ஒற்றை வலை போதாது. 2005 வரைபடக் கொள்கைக்குப் பின் வந்த பொதுத் தாள்கள் மண்டலம் மண்டலமாகப் பிரிந்தவை.

கொல்கத்தாவின் சொந்தத் தாளான 79பி/6 இந்த முறைக்கே அடங்காது. நகரம் பத்து மீட்டர் உயரத்துக்குள் கிடக்கிறது. 20 மீட்டர் உயர இடைவெளியில் வரையும் சமவுயரக் கோடு ஒன்றுகூட அதன் வழியே போக வழியில்லை. அங்கே தனிப்புள்ளி உயரங்களே கதி.

மலையில் சிக்கல் நேர்மாறு. 45 பாகைச் சரிவில் 20 மீட்டர் இடைவெளிக் கோடுகள் 1:50,000 தாளில் 0.4 மில்லிமீட்டரில் நெருங்கிவிடும். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாக வாழும் லைன் வீடுகளுக்கு மேலே இறங்கும் குறுகிய ஓடை அந்த இடுக்கில் காணாமற்போகும். 1:10,000 அளவில் அதே இடைவெளி 2 மில்லிமீட்டர்.

இந்தியாவில் 2014இல் தொடங்கிய நாடு தழுவிய நிலச்சரிவு வரைபடத் திட்டம் 1:50,000 அளவிலானது. இலங்கையோ 1990களிலேயே பதுளை, நுவரெலியா பக்கம் 1:10,000 அளவுக்கு இறங்கிவிட்டது. சிறிய நாடென்பது அதற்கு வசதிதான். ஆனாலும் அந்த முடிவு பாராட்டத்தக்கது. வரைபடம் இருந்தும் 2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தயில் தோட்டத் தொழிலாளர்களின் வீடுகள் மண்ணுக்குள் போயின. முன்பே எச்சரிக்கப்பட்ட இடம் அது. மாற்று வீடுகள்தான் நேரத்துக்கு வரவில்லை.

டார்ஜிலிங்கிலும் நீலகிரியிலும் அதே மாதிரி லைன் வீடுகள், அதே மாதிரி சரிவுகள். அங்கே எந்தச் சரிவுக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்ல 1:50,000 போதாது. 1:10,000 தரையுரு முதலில் போய்ச் சேர வேண்டியது அந்தத் தோட்டங்களுக்கே.