மெர்போக் பாட்டும் பழக்கத்தின் எல்லையும்

மெர்போக் என்னும் சிறு புறாவைக் கூண்டோடு உயர்ந்த கம்பத்தில் ஏற்றிப் பாடவைத்துப் போட்டி நடத்துவது ஜொகூர் மலாய் மக்களின் விருப்பமான பொழுதுபோக்கு. முராய் பத்து எனப்படும் சோலைப்பாடிக்கும் இத்தகைய போட்டிகள் உண்டு. பறவை நன்கு பாடினால் வளர்ப்பவரின் பயிற்சியைப் புகழ்வர். பாடாவிட்டால் பயிற்சி போதாது என்பர். இத்தீர்ப்பு எத்துணைப் பொருத்தம்?

உளநூலார் ஆக்கநிலையிறுத்தம் என்று கூறும் கொள்கை எளியது. ஒரு செயலை அடுத்து நன்மை கிட்டினால் அச்செயல் பெருகும், கிட்டாவிடின் தேயும். அமெரிக்க அறிஞர் ஸ்கின்னர் புறாக்களுக்குத் தானியம் அளித்தே இதனை விரிவாக ஆராய்ந்தார். வளர்ப்பவரைக் கண்டதும் தீனியை எதிர்பார்ப்பது, அவர் கைக்குப் பழகுவது ஆகியவற்றை இக்கொள்கை நன்கு விளக்கும்.

ஆயினும் பழக்கம் வேறு, பாட்டு வேறு. வேற்றினப் புறாக்களிடம் வளர்ந்த குஞ்சுகளும் தம் இனத்தின் கூவலையே கூவின என்று லேட், தார்ப் ஆகியோர் 1964-இல் எழுதினர். மெர்போக்கும் புறாக் குடும்பத்ததே. அதன் பாட்டின் அமைப்பு பிறப்போடு வருவது என்று கொள்வதே முறை.

சோலைப்பாடியோ கேட்டுக் கற்கும் பறவைக் கூட்டத்தைச் சேர்ந்தது. அக்கூட்டத்துச் சாஃபிஞ்ச் குஞ்சு தனியே வளர்ந்தால் குறைபட்ட பாட்டையே பாடும் என்பதைத் தார்ப் 1958-இல் காட்டினார். காட்டில் பாட்டுக்குத் தீனி கொடுப்பார் யாருமில்லை. பின் வெகுமதி யாது? 2016-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று விடை தருகிறது. வரிச்சில்லை பாடும்போது அதன் குரல் பிழைபட்டதுபோல் ஒலிக்கச் செய்தனர். உடனே வெகுமதியை உணர்த்தும் டோபமைன் நரம்பணுக்களின் துடிப்பு தாழ்ந்தது. எதிர்பார்த்த பிழை வராதபோது உயர்ந்தது. பறவையின் செவியே அதற்குத் தேர்வாளர்.

எனவே கொள்கை பொய்யன்று. வெகுமதி என்றால் தானியம் என்று சுருக்கியதே குறை. எது வெகுமதி என்பதை முதலில் வகுப்பது அவ்வப்பறவையின் இயல்பு.

இது வெறும் ஏட்டு வாதமன்று. சோலைப்பாடியைக் காட்டில் பிடித்து விற்பது பெருகியமையால் 2022-இல் அதன் வாணிகம் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கேட்டுக் கற்கும் இனத்தில் மூத்த பறவையைப் பிடிப்பது ஒரு பறவையை இழப்பதோடு நிற்பதில்லை. குஞ்சுகள் தம் ஆசானையும் இழக்கின்றன.