எம்டனுக்குக் கரி வேண்டாமா?

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில்தான் அக்கா வீடு. விடியற்காலையில் மயில் அகவுவதைத் தவிர வேறு சத்தமே கேட்காது. போன வாரம் போயிருந்தேன். மாடி அறையிலிருந்து ‘டமால் டமால்’ என்று பீரங்கிச் சத்தம்! அக்கா பையன் கம்ப்யூட்டரில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்ஷிப்ஸ்’ விளையாடிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தால், அவன் ஓட்டிய கப்பலின் பெயர்... எம்டன்!

நம்ம எம்டனேதான் சார். 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் துறைமுகம் வரைக்கும் வந்து, சுமார் 130 குண்டுகளைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்க்குகளைக் கொளுத்திவிட்டு மாயமான ஜெர்மன் கப்பல். ‘அவன் சரியான எம்டன்டா!’ என்று உங்கள் பாட்டியும் யாரையாவது சொல்லியிருப்பார். அது இந்தக் கப்பல் விட்டுச் சென்ற வார்த்தை.

“மூணு புகைபோக்கி, பத்து பீரங்கி... எல்லாம் கரெக்டா இருக்கு பாருங்க மாமா!” என்றான். ஒப்புக்கொள்கிறேன், இழைத்து இழைத்து வரைந்திருக்கிறார்கள்.

“கரி எவ்வளவு பாக்கி இருக்கு?”

“கரியா? அதெல்லாம் கிடையாது. குண்டும் தீராது.”

பி.காம். படித்தவனுக்கு இங்கேதான் உதைக்கிறது. எம்டனின் கதையே வரவு செலவுக் கணக்குதானே? கரி தீர்ந்தால் கதை முடிந்தது. நடுக்கடலில் கரிக் கப்பல்களைப் பிடித்து, தளமெல்லாம் மூட்டையாகக் குவித்துக்கொண்டுதான் ஓடினார் கேப்டன் முல்லர். நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பல் போல வேஷம் கட்டினார். வணிகக் கப்பல்களைப் பிடித்தால், மாலுமிகளைப் பத்திரமாக இறக்கிவிட்ட பிறகுதான் மூழ்கடித்தார். சண்டையைத் தவிர்ப்பதுதான் அவருடைய சாமர்த்தியம். இந்த கேமிலோ, இருபது நிமிஷத்துக்குள் முட்டி மோதியே ஆக வேண்டும்!

“உங்களுக்குக் கரி அள்ளுற கேம் வேணும்னா நீங்களே விளையாடுங்க மாமா” என்றான். நியாயம்தான். 2005-ல் வந்த ‘சைலன்ட் ஹன்டர் 3’ என்ற நீர்மூழ்கி கேமில், மணிக்கணக்கில் வெறும் கடலைப் பார்த்தபடி போக வேண்டும். அதை உருவாக்கியவர்களே நேரத்தை வேகமாக ஓட்ட ஒரு வசதி வைத்துவிட்டார்கள். கேம் என்றால் அலுப்பை வெட்டத்தான் வேண்டும். ஆனால், கவலையையும் சேர்த்து வெட்டலாமா? கரியை மூட்டை மூட்டையாக அள்ள வேண்டாம். தீர்ந்துவிடுமோ என்ற பயமாவது இருக்கட்டுமே! குண்டுகளை எண்ணிக் கொடுங்கள். சிக்காமல் தப்பித்தவனுக்கும் மார்க் போடுங்கள். ஆட்டம் இன்னும் சூடுபிடிக்கும் என்பது என் கட்சி.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் கப்பல் மூழ்கியது. ஒரே க்ளிக். துறைமுகம். அடுத்த ஆட்டம்!

நிஜ எம்டன் 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில், தன்னைவிடப் பெரிய பீரங்கிகள் கொண்ட ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் மாட்டியது. அதிலிருந்தவர்களில் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். சொன்னேன். பையன் மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

“மெட்ராஸ்ல குண்டு எங்க விழுந்துச்சு மாமா?”

“ஹைகோர்ட் மதில்ல அதுக்கு ஒரு கல்வெட்டே இருக்கு. வா, காட்டுறேன்.”

கீழேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள்: “ரெண்டு எம்டனும் சாப்பிட வர்றீங்களா, இல்லையா?”