சல்லியன் ஓட்டிய தேர்

துவாக்குடியில் எனக்கு ஒரு வாசகர் இருக்கிறார். கடிதம் எழுதிப் புகழ்கிற ரகம் அல்ல. கதை பிடிக்காவிட்டால் பஸ் ஏறி வந்து முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போகிறவர். எழுத்தாளனுக்கு இப்படி ஒருவராவது வாய்க்க வேண்டும். இருவர் வாய்த்தால் தாங்காது.

அவர் தொழிலில் வெல்டர். 1960-களில் திருவெறும்பூரில் கொதிகலன் தொழிற்சாலை வந்த பிறகு, அதை நம்பித் துவாக்குடிப் பக்கம் சிறு பட்டறைகள் பல எழுந்தன. அவற்றில் ஒன்றில் இருபது வருஷங்களாகக் குழாய்களைப் பற்றவைத்து வருகிறார். அவர் போட்ட ஜாயிண்டைப் பார்த்துப் பழகிக்கொள்ளச் சின்னப் பையன்கள் வந்து நிற்பார்கள்.

உயர் அழுத்த நீராவி ஓடும் குழாய்களில் எல்லோரும் கை வைத்துவிட முடியாது. அதற்குத் தனித் தேர்வு உண்டு. குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் நிறுத்திவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது. மனிதன்தான் அதைச் சுற்றி வளைந்து, குனிந்து, அண்ணாந்து வேலையை முடிக்க வேண்டும். பிறகு எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே புரை இருந்தாலும், அடிவரை உருகிச் சேராமல் இருந்தாலும், படம் காட்டிக் கொடுத்துவிடும். இந்தத் தேர்வில் நம் நண்பர் இரண்டு முறை தோற்றார். பட்டறையில் தினமும் செய்கிற அதே வேலை, அதே கை. பின்னால் இன்ஸ்பெக்டர் ஒருவர் நின்றதுதான் வித்தியாசம்.

இதை அவர் என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். நான் உடனே கதை எழுதிவிட்டேன். கதையில் ஒரு பொறாமைக்கார போர்மேனை உண்டாக்கினேன். அவன் தேர்வுக்கு முன் ஈரம் ஏறிய ராடுகளை மாற்றி வைத்துவிடுகிறான், உத்தமன் தோற்கிறான். பத்திரிகையில் வந்தது. பலர் பாராட்டினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை துவாக்குடிக்காரர் வந்து சேர்ந்தார்.

"கதை நல்லா இருக்கு சார். ஆனா ராடுல ஈரம் இருந்தா வில்லு பிடிச்ச உடனேயே சத்தத்துல எனக்குத் தெரிஞ்சிடாதா?" என்றார் முதலில். அது சின்னக் குற்றச்சாட்டு. பெரியது பிறகு வந்தது. "எனக்கு யாரும் சதி பண்ணலை சார். கை என்னோடது. அது ஏன் அன்னிக்கு மட்டும் என் பேச்சைக் கேக்கலைன்னு தெரியாமத்தான் உங்ககிட்ட வந்து சொன்னேன். நீங்க ஒரு வில்லனைப் பிடிச்சுக் குடுத்துட்டீங்க. அவனை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கதையைப் பற்றி வந்த விமரிசனங்களில் இதைவிடக் கூர்மையானதை நான் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தபோது, அந்த விமரிசனம் என் கதையோடு நிற்கவில்லை என்று பட்டது. நம் கதைகளில் வித்வான்கள் தாமாகத் தோற்பதே இல்லை.

'தில்லானா மோகனாம்பா'ளை எடுத்துக்கொள்ளுங்கள். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதியது, ஏ. பி. நாகராஜன் 1968-ல் படமாக்கியது. படத்தில் சிக்கல் ஷண்முகசுந்தரம் வாசிப்பை நிறுத்துகிறான் என்றால் அதற்கு வாணவேடிக்கை காரணம். அவனுக்கு வரும் இடைஞ்சல்களும் வெளியாரின் சூழ்ச்சியால் வருபவை. நாயனத்தை எடுத்து உதட்டில் வைத்த மாத்திரத்தில், எந்த எதிரியும் இல்லாமலே, மூச்சு நெஞ்சில் சிக்கிக்கொண்டால் அவன் என்ன செய்வான்? அதை யாரும் கேட்கவில்லை. நமக்கும் கேட்கத் தோன்றவில்லை. ரசித்துவிட்டு வீட்டுக்குப் போனோம். படத்தின் சுவையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வித்வானின் பயத்தை நாம் இன்னும் அறியவில்லை.

நம் பழைய நூல்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் துணிச்சலானவை. வள்ளுவர் 'அவை அஞ்சாமை' என்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். சபைக்கு அஞ்சுகிறவன் கற்ற கல்வியைப் போர்க்களத்தில் கோழையின் கையிலிருக்கும் வாளுக்கு ஒப்பிட்டார். வாள் நல்ல வாள்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். கல்வியில் குறை இல்லை. குறை வேறிடத்தில்.

அந்த வேறிடம் எது என்பதை மகாபாரதம் கர்ணனை வைத்துக் காட்டுகிறது. வேண்டிய சமயத்தில் மந்திரம் மறந்து போகும் என்பது பரசுராமர் சாபம். 1964-ல் வந்த 'கர்ணன்' படத்தைப் பார்த்து அழுதவர்கள், சாபத்தாலும் கண்ணனின் தந்திரத்தாலும் ஒரு வள்ளல் வீழ்ந்தான் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தோம். கர்ண பருவத்தை நிதானமாகப் படித்தால் இன்னொருவன் கண்ணில் படுகிறான். தேரோட்டி சல்லியன்.

சல்லியன் குதிரை ஓட்டுவதில் கண்ணனுக்கு நிகரானவன் என்றுதான் துரியோதனன் அவனைக் கர்ணனுக்குச் சாரதியாக்குகிறான். ஆனால் போர் தொடங்குமுன்பே தருமபுத்திரன் அவனிடம் ஒரு வரம் வாங்கிவிட்டான்: கர்ணனின் தேஜஸை உன் பேச்சால் குலைத்துவிடு என்று. சல்லியன் அம்பு தொடவில்லை. தேரைத் தப்பாக ஓட்டவில்லை. காதருகே உட்கார்ந்து பேசிக்கொண்டே வருகிறான். அர்ஜுனன் எங்கே, நீ எங்கே என்கிறான். அன்னத்தோடு பறக்கப் போட்டியிட்டுக் கடலில் விழுந்த காகத்தின் கதையைச் சொல்கிறான். கர்ணனும் சும்மா இருக்கவில்லை. அவன் நாட்டையும் குலத்தையும் இகழ்ந்து பதிலுக்குப் பதில் பேசுகிறான். அதைவிட விசித்திரம், தனக்குள்ள சாபங்களைச் சல்லியனிடமே அவன் வாய்விட்டுச் சொல்வது. மறந்து போகும் என்று எதிர்பார்த்துக்கொண்டு போகிறவனுக்கு மறக்காமல் என்ன செய்யும்?

அர்ஜுனனும் தடுமாறியவன்தான். காண்டீவம் கையிலிருந்து நழுவியது. ஆனால் அவன் அதை முதல் நாளே, அம்பு விடுமுன்பே, சரியான சாரதியிடம் சொல்லிவிட்டான். இரண்டு வீரர்களுக்கும் திறமையில் பெரிய பேதம் இல்லை. தேர்த்தட்டில் யார் பேசிக்கொண்டிருந்தது என்பதில்தான் பேதம்.

இன்றைய மனோதத்துவ நிபுணர்கள் இதைப் பரிசோதனைச் சாலையில் கண்டுபிடித்துச் சொல்கிறார்கள். பழகிய வேலை, எண்ணம் குறுக்கிடாமல் கை வழியாக ஓடுவது. பார்க்கிறார்கள், பரிசு இருக்கிறது, மானம் போகும் என்ற நெருக்கடி வந்ததும் மனிதன் தன் கையையே கண்காணிக்கத் தொடங்குகிறான். படிப்படியாகக் கவனிக்கப்பட்டதும் கை, புதிதாகக் கற்பவனின் கையாகி விடுகிறது. இதனால்தான் கற்றுக்குட்டியைவிடக் கைதேர்ந்தவன் இதில் அதிகம் அடிபடுகிறான். 2001-ல் அமெரிக்காவில் சியான் பெய்லாக், தாமஸ் கார் என்ற இருவர் கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ளும் பயிற்சியை வைத்துச் சோதித்தார்கள். காமிரா தங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழகியவர்கள், பின்னால் நெருக்கடி வந்தபோது தடுமாறவில்லை. தேர்வின் கண்ணைத் தேர்வுக்கு முன்பே பழக்கிக்கொண்டார்கள் என்று சொல்லலாம். சபையில் அஞ்சாமல் விடை சொல்வதற்காகவே கற்கவேண்டும் என்று வள்ளுவரும் அதே அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார்.

தடுமாறுகிறவன் திறமையற்றவன் என்று நினைப்பவர்கள் 2013 நவம்பரை நினைத்துப் பார்க்கட்டும். ஐந்து முறை உலகச் சதுரங்கப் பட்டம் வென்ற விசுவநாதன் ஆனந்த், தாம் வளர்ந்த சென்னையிலேயே மாக்னஸ் கார்ல்சனோடு ஆடினார். 9-ஆவது ஆட்டம். வென்றே தீரவேண்டிய நிலை. தாக்குதலும் அவர் கையில். 28-ஆவது நகர்த்தலில் குதிரையை ஒரு கட்டத்தில் வைத்தார். எதிராளியின் ஒரே ஒரு பதிலைப் பார்த்ததும் தோல்வியை ஒப்புக்கொண்டார். அவர் மனத்தில் என்ன ஓடியது என்று சொல்ல நான் யார்? ஆனால் அந்தப் பட்டம் போன நாலே மாதத்தில், 2014 மார்ச்சில், ரஷ்யாவில் நடந்த தகுதிப் போட்டியில் ஓர் ஆட்டமும் தோற்காமல் முதலிடம் பெற்றார். இந்த இரண்டாவது பாதி எனக்கு முதல் பாதியைவிடப் பெரிய கதையாகத் தோன்றுகிறது. அதில் வில்லன் இல்லை. சாபமும் இல்லை.

நம் வெல்டர் பெய்லாக்கைப் படித்தவர் அல்ல. என் கதையைத் திட்டிவிட்டுப் போன பிறகு தாமே ஒரு வழி கண்டுபிடித்தார். வேலை முடிந்த பிறகு பழைய குழாய்த் துண்டைச் சாய்த்துக் கட்டிக்கொண்டு, பட்டறைப் பையன்களையும் டீக்கடைப் பையனையும் பின்னால் நிற்கச் சொன்னார். "பேசிக்கிட்டே இருங்கடா, குத்தம் சொல்லுங்க" என்று உத்தரவு. காசு கொடுத்துச் சல்லியர்களை அமர்த்திக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் கோபம் வந்ததாம். மூன்றாம் வாரம் அவர்கள் பேசுவது காதில் விழவில்லையாம்.

"கையைப் பாக்கறதை விட்டுட்டேன் சார். உருகி ஓடுற குழம்பை மட்டும் பாத்தேன். அது வட்டமா வந்தா சரி. கை தன்னால போகுது."

மூன்றாம் முறை தேறினார். எக்ஸ்ரே படத்தைப் பற்றிக் கேட்டேன். "ஒரு சின்னப் புள்ளி இருந்துச்சு சார். அளவுக்குள்ளதான்" என்றார். அவர் குரலில் வெற்றி முழக்கம் எதுவும் இல்லை. அடுத்த முறை மறுபடியும் கை நடுங்கலாம் என்று தெரிந்தே பேசினார். அந்த 'அளவுக்குள்ளதான்' என்ற வார்த்தைக்கு ஈடாக என் கதையில் ஒரு வாக்கியமும் இல்லை.

துவாக்குடிக்குப் பக்கத்திலேயே 1964-ல் தொடங்கிய என்ஜினீயரிங் கல்லூரி இருக்கிறது. இப்போது தேசியத் தொழில்நுட்பக் கழகம். வகுப்பில் முதல்வனாக இருந்துவிட்டு, நேர்முகத் தேர்வில் தன் பெயரைச் சொல்லத் திணறுகிற பையன் அங்கேயும் இருப்பான்; எல்லாக் கல்லூரியிலும் இருப்பான். அவனுக்கு நம் கதைகள் என்ன தருகின்றன? ஒரு வில்லனையோ ஒரு ராசியையோ தருகின்றன. இரண்டையும் வைத்துக்கொண்டு அவன் ஒன்றும் செய்ய முடியாது.

அந்தக் கதையை என் தொகுதியில் சேர்க்க வேண்டாம் என்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். போர்மேனை எடுத்துவிட்டு மறுபடி எழுதப் பார்க்கிறேன். நாலு முறை உட்கார்ந்தாயிற்று, வரவில்லை. துவாக்குடிக்காரர் படிப்பார் என்ற நினைவு வந்ததும் பேனா நின்றுவிடுகிறது.