துளையிடாமல் ஆழம் பார்ப்பது: எவ்வளவு நம்பலாம்?

ஃபைபர் படகில், ஒலியால் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரின் டிரான்ஸ்டியூசரை, அதாவது ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் பகுதியை, வைக்க மூன்று வழிகள் உண்டு. அடியில் துளையிட்டுச் செருகலாம். பின்பலகையில் வெளியே பொருத்தலாம். துளையே இல்லாமல் உள்ளே ஒட்டி, ஃபைபரை ஊடுருவி ஒலியை அனுப்பலாம். மூன்றாம் வழி செலவில்லாதது என்று சிலர் புகழ்கிறார்கள். படம் மங்கும் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். இரண்டிலும் பாதிதான் உண்மை.

ஒலிக்குப் பகை ஃபைபர் அல்ல, காற்று. கெட்டியான ஃபைபர் தகட்டை ஒலி ஓரளவு இழப்போடு கடந்துவிடும். நடுவில் மெல்லிய காற்றுப்படலம் இருந்தாலோ ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். ஒட்டப் பயன்படும் எபாக்சி பசையில் மாட்டிய குமிழிகள் கெடுதல் செய்வது இதனால்தான். இரு தகடுகளுக்கு நடுவே நுரையோ பால்சா மரமோ வைத்த அடிப்பாகத்தில் இந்த முறை தோற்பதும் இதனால்தான்.

கடக்கும் இழப்பும் ஒருமுறையோடு நிற்பதில்லை. போகும்போதும் எதிரொலி வரும்போதும் வெட்டு விழுகிறது. அலைவெண் கூடக் கூட வெட்டும் ஆழமாகும். 50 கிலோஹெர்ட்ஸ் எளிதில் தாண்டும்; 200 கிலோஹெர்ட்ஸ் தாக்குப்பிடிக்கும்; 455, 800 கிலோஹெர்ட்ஸில் கடலடியைப் படம்போலக் காட்டும் கருவிகளுக்கு இந்த முறை ஒத்துவராது. டிரான்ஸ்டியூசர் நீரைத் தொடாததால் கடல்நீரின் வெப்பமும் சரியாகத் தெரியாது. மீன் போக்கை நீர்ச்சூட்டை வைத்துக் கணிப்பவருக்கு இது பெரிய குறை.

ஆனால் தமிழகக் கரையில் தராசின் மறுதட்டும் கனமானது. மணலில் இழுத்து ஏற்றப்படும் படகில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் உடையும், வலையும் மாட்டும். துளையோ என்றைக்கும் கசிவுக்கு வாய்ப்பு. உள்ளே இருப்பதற்கு இந்த ஆபத்துகள் இல்லை.

உள்ளே வைப்பதிலும் தரம் உண்டு. நேராக ஒட்டினால் அடியின் சரிவுக்கேற்ப ஒலிக்கதிரும் சாயும். பழுதானால் பெயர்த்தெடுப்பது பெரும்பாடு. ஏர்மார் நிறுவனத்தின் பி79 போன்ற டிரான்ஸ்டியூசர்களில் ஒட்டப்படுவது அடிவளையம் மட்டுமே. உள்ளே திரவம் நிரப்பி, 22 பாகை வரையிலான சரிவை ஈடுசெய்து கதிரை நேராக நிறுத்தலாம். விலை கூடினாலும் இதுவே மேல்.

எபாக்சி கலக்கும் முன் ஒரு சோதனை கட்டாயம். படகு மிதக்கையில், நினைத்த இடத்தில் நீர் நிரம்பிய பையை வைத்து, அதற்குள் டிரான்ஸ்டியூசரை அமிழ்த்திப் பாருங்கள். பிறகு படகுக்கு வெளியே நீரில் பிடித்துப் பாருங்கள். இரண்டிலும் ஆழமும் எதிரொலியின் வலிமையும் நெருங்கினால் ஒட்டலாம்.

தீர்ப்பு இதுதான்: அடி ஒரே கெட்டித் தகடாக இருந்து, தேவை ஆழமும் மீன்கூட்டமும் மட்டுமென்றால், மணலில் ஏறும் படகுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. அடியில் நுரை இருந்தாலோ, கடலடியின் நுணுக்கப் படம் வேண்டுமென்றாலோ, துளையைத் தவிர்க்கும் ஆசையில் இதை நாடுவது வீண்செலவு.